கொட்டுகிற முடி சீப்புக்கு வரட்டும்!

நாயின் உடலில் முளைக்கும் ஒவ்வொரு முடிக்கும் ஓர் ஆயுள் உண்டு. கொஞ்ச காலம் வளரும். பிறகு வளர்ச்சி நின்று வேர்க்காலில் சும்மா இருக்கும். அடியில் புது முடி எழும்பும்போது பழையது கழன்று விழும். நாய் உயிரோடு இருக்கும்வரை இந்தச் சுற்று ஓயாது. அதனால் நல்ல ஆரோக்கியமான நாய்க்கும் முடி கொட்டத்தான் செய்யும். சோபாவிலும் கறுப்பு பேன்ட்டிலும் சில நேரம் சாப்பாட்டுத் தட்டிலும் முடியைப் பார்த்து அலுத்துப்போனவர்கள், இதை நிறுத்த என்ன மருந்து என்று கேட்கிறார்கள். நிறுத்த மருந்து கிடையாது. விழப்போகும் முடி தரைக்குப் போவதற்கு முன்பே அதைச் சீப்பில் வாங்கிவிடலாம். தேவைக்கு மேல் கொட்டாமல் பார்த்துக்கொள்ளலாம். நோயால் கொட்டுகிறதா என்று அடையாளம் கண்டு சிகிச்சை தரலாம். வாருதல், குளியல், சாப்பாடு, பூச்சிக் கட்டுப்பாடு ஆகிய நான்கும் ஒழுங்காக நடந்தால் இந்த மூன்றும் கைகூடும்.

வளரும் முடி, ஓய்வெடுக்கும் முடி

மனிதரின் தலைமுடியில் பெரும்பகுதி எப்போதும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. வெட்டாமல் விட்டால் இடுப்புவரை நீள்வது அதனால்தான். பெரும்பாலான நாய்களில் நிலைமை தலைகீழ். அவற்றின் முடியில் பெரும்பகுதி ஓய்வுக் கட்டத்திலேயே இருக்கும். இனத்துக்கு உரிய நீளம் வந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். பல மாதங்கள் அப்படியே இருந்துவிட்டுப் பிறகு உதிரும். லேப்ரடார் நாயை எத்தனை வருடம் கத்தரிக்காமல் விட்டாலும் அதன் முடி ஓர் அளவுக்கு மேல் நீளாது.

பூடில், ஷிட்சு, மால்டீஸ், லாசா ஆப்ஸோ, யார்க்‌ஷயர் டெரியர் போன்ற இனங்கள் இதற்கு விலக்கு. இவற்றின் வளர்ச்சிக் கட்டம் நீளமானது. உதிர்வது குறைவு. நாய் விற்பவர்கள் 'முடி கொட்டாத நாய்' என்று சொல்வது இவற்றைத்தான். உண்மையில் அறவே கொட்டாத முடியுள்ள நாய் இல்லை. இவற்றில் கழன்ற முடி கீழே விழாமல் பக்கத்து முடியிலேயே சிக்கிக்கொள்கிறது. தினமும் வாராவிட்டால் காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் சடை பிடிக்கும். 4 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை கத்தரிக்கவும் வேண்டும். ஆக, வீட்டைப் பெருக்கும் வேலை குறையும், நாயைப் பராமரிக்கும் வேலை கூடும்.

வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை இருக்கிறது என்று இந்த இனங்களைத் தேடிப்போகிறவர்களும் உண்டு. நாய் ஒவ்வாமையைக் கிளப்புவது முடி அல்ல. நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் உள்ள புரதங்கள்தான் அதற்குக் காரணம். அவற்றில் முதன்மையானது 'கேன் எஃப் 1' என்ற புரதம். முடி கொட்டாத நாய்க்கும் எச்சிலும் செதிலும் உண்டு. நாயை வாங்குவதற்கு முன் அதனோடு சில மணி நேரம் இருந்து பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.

மேல்முடியும் அடிமுடியும்

நாயின் தோலில் ஒரு துளையிலிருந்து ஒரு முடி மட்டும் வெளிவருவதில்லை. தடித்து நீண்ட மேல்முடி ஒன்று வரும். அதையொட்டி மெல்லிய அடிமுடிகள் பல வரும். வெயில், மழை, முள் ஆகியவற்றிலிருந்து தோலைக் காப்பது மேல்முடியின் வேலை. அடிமுடி இடையே காற்றைத் தேக்கி உடலின் வெப்பநிலையைக் காக்கிறது. வீட்டின் மூலைகளில் இலவம் பஞ்சுபோலச் சுருண்டு கிடப்பது பெரும்பாலும் இந்த அடிமுடிதான்.

இரண்டு அடுக்கும் அடர்ந்திருக்கும் இனங்கள்தான் அதிகம் கொட்டும். லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், சைபீரியன் ஹஸ்கி, ஸ்பிட்ஸ், பீகிள் எல்லாம் இந்த வகை. தமிழ்நாட்டு வீடுகளில் 'பொமரேனியன்' என்று அழைக்கப்படும் வெள்ளை நாய்களில் பல உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் இனம். அதற்கும் இரட்டை அடுக்கு முடிதான்.

முடி குட்டையாக இருந்தால் கொட்டுவதும் குறைவு என்ற நம்பிக்கை தவறு. பக் நாயின் முடி குட்டை. ஆனாலும் ஏராளமாகக் கொட்டும். டால்மேஷியன் வருடம் முழுக்கக் கொட்டும். நீண்ட முடி தரையில் உருண்டு ஓரிடத்தில் சேர்ந்துவிடும், பெருக்கி எடுத்துவிடலாம். குட்டை முடி விறைப்பானது. துணியின் இழைக்குள் குத்திக்கொண்டு நிற்கும், துவைத்தாலும் போகாது.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய தமிழக இனங்களுக்கு உடம்போடு ஒட்டிய குட்டை முடி. அடிமுடி மிகக் குறைவு. தென் மாவட்டங்களின் வறண்ட நிலத்தில் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட நாய்களுக்குக் கனத்த போர்வை தேவைப்படவில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை ரப்பர் பிரஷ்ஷால் தேய்த்தால் இவற்றுக்குப் போதும். ராஜபாளையத்தின் வெள்ளை முடிக்குக் கீழே இருப்பது இளஞ்சிவப்புத் தோல். உச்சி வெயிலில் அது எளிதில் கன்றிவிடும் என்பதால் நிழல் அவசியம்.

எப்போது அதிகம் கொட்டும்?

முடிச் சுற்றை முடுக்கிவிடுவதில் பகல் நேரத்தின் நீளத்துக்கு முக்கியப் பங்கு இருக்கிறது. வெப்பநிலைக்கும் பங்கு உண்டு என்றாலும் அது இரண்டாம் இடம்தான். கண் வழியாக உணரப்படும் வெளிச்சம் மூளையில் மெலடோனின் சுரப்பை மாற்றுகிறது. அதைத் தொடர்ந்து புரோலாக்டின் உள்ளிட்ட ஹார்மோன்களின் அளவு மாறி வேர்க்கால்களுக்குச் சேதி போகிறது. குளிர்நாடுகளில் வசந்த காலத்தில் கனத்த குளிர்கால முடியும், இலையுதிர் காலத்தில் கோடைகால முடியும் மொத்தமாகக் கழல்வதற்கு இதுவே காரணம்.

சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். லண்டனில் அது எட்டு மணி நேரத்துக்கும் அதிகம். வெளிச்சம் தரும் சேதி இங்கே அவ்வளவு மங்கலாக இருப்பதால், பருவத்துக்குப் பருவம் மொத்தமாகக் கொட்டுவதைவிட வருடம் முழுக்கச் சீராகக் கொட்டுவதையே தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் பார்க்கலாம். இரவு பதினொரு மணிவரை எரியும் டியூப்லைட்டும் ஏசி அறையும் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகின்றன.

பருவம் தவிர வேறு காரணங்களும் உண்டு. குட்டி நாய்க்கு நான்கு மாத வயதுக்குப் பிறகு குட்டி முடி உதிர்ந்து பெரிய நாயின் முடி வரத் தொடங்கும். பெண் நாய்க்குப் பருவச் சுழற்சி முடிந்ததும், குட்டி போட்டு பாலூட்டும் காலத்திலும் ஹார்மோன் மாற்றத்தால் கொத்துக் கொத்தாகக் கொட்டலாம். பெரிய காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ நடந்து சில வாரங்கள் கழித்தும் இப்படி ஆகும். பயமும் ஒரு காரணம். மருத்துவரின் மேசையில் ஏற்றிய ஐந்து நிமிடத்தில் மேசை முழுக்க முடியாவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். இவையெல்லாம் தாமாகச் சரியாகிவிடும்.

வாருதல்: பாதி வேலை இங்கேதான்

வாருவதால் முடி அதிகம் கொட்டும் என்று பயந்து சீப்பை எடுக்காமல் இருப்பவர்கள் உண்டு. சீப்பில் வருவது ஏற்கெனவே கழன்றுவிட்ட முடி. அன்று சீப்பில் வராவிட்டால் மறுநாள் சோபாவில் இருக்கும். வாருவதால் தோலின் எண்ணெய் முடி நுனிவரை பரவி மினுமினுப்பு வருகிறது. தோலில் உள்ள புண், கட்டி, உண்ணி ஆகியவையும் ஆரம்பத்திலேயே கண்ணில் படுகின்றன.

கருவி இனத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

● குட்டை முடி நாய்களுக்கு ரப்பர் பிரஷ் அல்லது ரப்பர் முள் வைத்த கையுறை.

● இரட்டை அடுக்கு முடிக்கு, மெல்லிய வளைந்த கம்பிகள் கொண்ட ஸ்லிக்கர் பிரஷ்ஷும், அடிமுடியை இழுத்தெடுக்கும் அகன்ற பல் வாரியும்.

● பூடில், ஷிட்சு போன்றவற்றுக்கு ஸ்லிக்கர் பிரஷ்ஷும் உலோகச் சீப்பும். பிரஷ் போட்ட பிறகு சீப்பு தடையில்லாமல் வேர்வரை போய் வந்தால்தான் சிக்கு எடுபட்டதாக அர்த்தம்.

● கூரான பற்கள் கொண்ட டீஷெட்டிங் கருவி இரட்டை அடுக்கு முடிக்கு மட்டும், அதுவும் வாரம் ஒருமுறை போதும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால் மேல்முடி அறுபடும், தோல் சிவந்து எரியும்.

முறை தெரியாமல் தினமும் வாருவதைவிட முறையோடு வாரத்துக்கு மூன்று நாள் வாருவது மேல். கோல்டன் ரெட்ரீவரின் தொடைப் பின்புறத்தை எடுத்துக்கொள்ளலாம். மேலாகப் பிரஷ்ஷை ஓட்டினால் பளபளப்பாகத் தெரியும், அடியில் பஞ்சு அப்படியே அடைந்துகிடக்கும். இடக்கை விரித்து முடியை மேல்நோக்கி ஒதுக்கிப் பிடிக்க வேண்டும். கீழே கோடு பிரித்தாற்போல் தோல் தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள முடியை மட்டும், முடி வளரும் திசையில், குறுகிய இழுப்புகளாக வார வேண்டும். பிரஷ்ஷில் பஞ்சு வருவது நின்றதும் இடக்கையைச் சற்று மேலே நகர்த்தி அடுத்த கோட்டைப் பிரிக்க வேண்டும். இப்படி அடுக்கடுக்காக மேலேறிப் போனால் ஒரு தொடையிலிருந்தே கைப்பிடி நிறையப் பஞ்சு வரும். பிரஷ் சரியான அழுத்தத்தில்தான் போகிறதா என்று அறிய அதைத் தன் முழங்கையின் உட்பக்கத்தில் இழுத்துப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே வலித்தால் நாய்க்கும் வலிக்கும்.

சடை பிடித்த இடத்தில் சீப்பை விட்டு இழுக்கக் கூடாது. சடையின் அடியை விரல்களால் பிடித்துக்கொண்டு, தோலை இழுக்காமல், நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க வேண்டும். பிரியாத சடையைக் கத்தரிக்கோலால் வெட்ட முயல்வது ஆபத்து. சடைக்குள் தோலும் சுருண்டு ஏறியிருக்கும், வெட்டுப்பட்டுத் தையல் போட வேண்டிவரும். கிளிப்பர் இயந்திரத்தால் எடுப்பதே பாதுகாப்பு.

லேப்ரடார், ஷெப்பர்ட், ஸ்பிட்ஸ், ஹஸ்கி ஆகியவற்றுக்கு வாரத்துக்கு மூன்று நான்கு முறையும், அதிகம் கொட்டும் நாட்களில் தினமும் பத்து நிமிடமும் வார வேண்டும். குட்டியாக இருக்கும்போதே, ஓரிரு நிமிடம் வாரி, ஒரு துண்டு தின்பண்டம் கொடுத்துப் பழக்கினால் பெரியதான பிறகு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. பால்கனியிலோ மொட்டைமாடியிலோ பழைய பெட்ஷீட்டை விரித்து வாரினால் முடியைச் சுருட்டி எடுத்துவிடலாம். வெயில் ஏறுவதற்கு முன் காலையில் வாருவது நாய்க்கும் வாருபவருக்கும் நல்லது.

குளியல்: அளவோடு

குளிப்பாட்டும்போது தளர்ந்த முடி பெருமளவில் வந்துவிடும். ஆனால் அடிக்கடி குளிப்பாட்டினால் தோலின் எண்ணெய்ப் பசை போய், பொடுகும் அரிப்பும் வந்து, கொட்டுவது கூடும். தோல்நோய் இல்லாத நாய்க்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு குளியல் போதும். நோய்க்கு மருந்து ஷாம்பு எழுதித் தந்திருந்தால் மருத்துவர் சொல்லும் கணக்குப்படி.

மனிதர்களின் ஷாம்பு, குளியல் சோப்பு, துணி சோப்பு எதுவும் நாய்க்கு ஆகாது. மனிதத் தோலின் மேற்புறம் 10 முதல் 15 அடுக்குச் செல்களால் ஆனது. நாய்க்கு 3 முதல் 5 அடுக்குதான். மனிதத் தோல் அமிலத்தன்மை கொண்டது, நாயின் தோல் அந்த அளவுக்கு அமிலமானதல்ல. ஒன்றுக்காகத் தயாரித்தது மற்றொன்றுக்குப் பொருந்தாது.

குளிப்பதற்கு முன் வாரிவிட வேண்டும். சிக்கு நனைந்தால் இறுகிச் சடையாகிவிடும். காதில் தண்ணீர் போகாமல் பஞ்சு வைத்து, வெதுவெதுப்பான நீரில் தோல்வரை நனைத்து, தண்ணீரில் கலக்கிய ஷாம்புவை விரல் நுனிகளால் தேய்க்க வேண்டும். மருந்து ஷாம்புவாக இருந்தால் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். போர் தண்ணீர் உப்பாக உள்ள பகுதிகளில் நுரை எளிதில் போகாது. ஷாம்பு தோலில் தங்கினால் அரிக்கும் என்பதால் கூடுதலாக இரண்டு வாளி ஊற்றி அலச வேண்டும்.

துவட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மேல்முடி காய்ந்ததுபோலத் தெரியும், அடிமுடி மணிக்கணக்கில் ஈரமாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர்வரையான மழைக்காலத்தில் இந்த ஈரத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகும். நாய் அந்த இடத்தை நக்கிக் கடிக்க, ஒரே நாளில் உள்ளங்கை அகலத்துக்கு முடி போய், நீர் வடியும் புண்ணாகிவிடும். டவலால் ஒற்றி எடுத்த பிறகு ஃபேனுக்கடியில் நிற்கவைக்க வேண்டும், அல்லது சூடில்லாத காற்றில் பிளோயரால் உலர்த்த வேண்டும். பிளோயரின் காற்று கழன்ற அடிமுடியையும் வெளியேற்றிவிடும். குளியலுக்குப் பின் நன்றாகக் காய்ந்ததும் இன்னொருமுறை வாரினால் மூன்று நான்கு நாட்களுக்குத் தரை சுத்தமாக இருக்கும்.

கிரூமிங் கடைகளில் விடுபவர்கள் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. உலர்த்தும்போது ஆள் கூடவே நிற்கிறாரா, காற்று எவ்வளவு சூடு? கூண்டில் அடைத்துச் சூடான காற்றை விட்டு ஆள் நகர்ந்துவிட்டால் நாய்க்கு வெப்பத் தாக்கு வந்து உயிரே போகலாம். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

மொட்டை அடிக்கலாமா?

ஏப்ரல் பிறந்ததும் ஹஸ்கிக்கும் ஸ்பிட்ஸுக்கும் மொட்டை அடிப்பது வழக்கமாகிவிட்டது. வெயிலுக்கு இதமாக இருக்கும், முடியும் கொட்டாது என்பது நினைப்பு. இரண்டுமே சரியல்ல.

நாய்க்குப் பாதத்தின் மெத்தைப் பகுதியில்தான் வியர்க்கிறது. உடல் வெப்பத்தை அது பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் வெளியேற்றுகிறது. உடம்பில் வியர்வை ஆவியாகி குளிர்ச்சி தருவது மனிதருக்கு நடப்பது. முடியை வழித்தால் வெயில் நேரடியாகத் தோலில் விழும், தோல் கன்றும். கொட்டுவதும் நிற்காது. நீளமான முடிக்குப் பதிலாகக் குட்டை முடி கொட்டும், அவ்வளவுதான்.

வழித்த முடி திரும்ப வருவதிலும் சிக்கல் இருக்கிறது. ஹஸ்கி, மாலமூட், சௌசௌ, பொமரேனியன் போன்ற இனங்களில் வேர்க்கால்கள் நெடுநாள் ஓய்விலேயே இருப்பதால் ஒரு வருடம் ஆனாலும் முடி வராமல் திட்டுத் திட்டாக நிற்பதுண்டு. அடிமுடி முதலில் வந்து மேல்முடி தாமதமாக வருவதால் நிறமும் தன்மையும் மாறிப்போவதும் உண்டு. அறுவைச் சிகிச்சை, தோல்புண், பிரிக்க முடியாத சடை ஆகியவற்றுக்காக வழிப்பது வேறு விஷயம். கோடைக்கு வேண்டியது அடிமுடியை நன்றாக வாரி எடுப்பது, நிழல், குடிநீர், நண்பகலில் வெளியே கூட்டிப்போகாமல் இருப்பது. பூடில், ஷிட்சு போன்றவற்றை மட்டும் ஓர் அங்குலம் விட்டுக் கத்தரிக்கலாம்.

முடிக்கு உரம் சாப்பாட்டில்

முடி ஏறக்குறைய முழுவதும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நாய் உண்ணும் புரதத்தில் கணிசமான பங்கு தோலுக்கும் முடிக்குமே போகிறது. புரதம் குறைந்தால் உடல் முதலில் கைவிடுவதும் இவற்றைத்தான். முடி மங்கி, முறுமுறுத்து, எளிதில் உதிரும்.

வளர்ந்த நாயின் உணவில், நீர்ச்சத்தை நீக்கிய எடைக்கு, குறைந்தது 18 சதவீதம் புரதம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச அளவில் பின்பற்றப்படும் தீவன அளவுகோல். குட்டிகளுக்கு 22.5 சதவீதம். அரிசியில் இருப்பது 7, 8 சதவீதம்தான். காலையில் பால் பிஸ்கட், இரவில் தயிர் சாதம் என்று வளரும் நாய்க்கு முடி கொட்டுவதில் வியப்பில்லை. கோழி, வேகவைத்த முட்டை, மீன் ஆகியவை தினசரி உணவில் சேர வேண்டும். பச்சை முட்டை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின், தோலுக்குத் தேவையான பயோட்டின் உடலில் சேரவிடாமல் தடுக்கும். வேகவைத்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

கொழுப்பில் இரண்டு வகை முக்கியம். சூரியகாந்தி எண்ணெயிலும் கோழிக் கொழுப்பிலும் உள்ள லினோலெயிக் அமிலம் முடிக்கு மினுமினுப்பு தரும், தோல் வறளாமல் காக்கும். மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு, அரிப்பையும் அழற்சியையும் தணிக்கும். மீன் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மத்தி இதற்கு நல்ல ஆதாரம். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, முள் நீக்கிக் கொடுக்க வேண்டும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். மீன் எண்ணெய் மாத்திரையின் அளவை நாயின் எடையைப் பார்த்து மருத்துவரே சொல்ல வேண்டும். மிஞ்சினால் வயிறு கழியும். உணவை மாற்றிய பலன் முடியில் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.

வீட்டுக் குழம்பை ஊற்றிச் சோறு பிசைந்து கொடுப்பது கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. திராட்சை, சாக்லேட், சைலிட்டால் சேர்த்த இனிப்புகள் நஞ்சு.

நோயால் கொட்டும்போது

இயல்பாகக் கொட்டும்போது உடல் முழுக்கச் சீராகக் கொட்டும். முடியை ஒதுக்கிப் பார்த்தால் தோல் சுத்தமாக இருக்கும். எங்கும் சொட்டை தெரியாது, அரிப்பு இருக்காது. இவற்றில் ஒன்று மாறினாலும் காரணத்தைத் தேட வேண்டும். எந்த இடத்தில் கொட்டுகிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

வாலின் அடியிலும் இடுப்பிலும் கொட்டி, அந்த இடத்தைக் கடித்துக்கொண்டே இருந்தால் தெள்ளுப்பூச்சியாக இருக்கலாம். பூச்சி கண்ணில் படாவிட்டாலும் சோதிக்க எளிய வழி உண்டு. வெள்ளைக் காகிதத்தைக் கீழே வைத்து வால் அடியைச் சீப்பால் வாரினால் மிளகுத்தூள் அளவில் கறுப்புத் துகள்கள் விழும். அவற்றின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சற்றுப் பொறுத்தால், வெறும் மண் கறுப்பாகவே இருக்கும். தெள்ளின் எச்சமானால் செம்பழுப்பாகக் கரைந்து பரவும். அது நாயின் இரத்தம்.

காது மடலின் ஓரம், முழங்கை, வயிறு ஆகிய இடங்களில் கொட்டி, தூங்கவிடாமல் அரித்தால் சொறிப்பூச்சி. இது வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றி அரிப்பைத் தரும். குட்டி நாயின் கண்ணைச் சுற்றியும் வாயோரமும் முன்னங்காலிலும் அதிக அரிப்பில்லாமல் திட்டுத் திட்டாகக் கொட்டினால் டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சி. இது மனிதருக்குத் தொற்றாது. வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்து செதில் கட்டினால் படர்தாமரை. குழந்தைகளுக்கு எளிதில் தொற்றும். பாதம், அக்குள், தொடையிடுக்கு ஆகியவற்றை ஓயாமல் நக்கினால் ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம்.

நடுவயதைத் தாண்டிய நாய்க்கு அரிப்பே இல்லாமல் உடலின் இரு பக்கமும் ஒரேமாதிரி கொட்டினால் ஹார்மோன் காரணம் இருக்கக்கூடும். தைராய்டு சுரப்பு குறைந்தால் வால் வழுக்கையாகும், எடை கூடும், நாய் மந்தமாகப் படுத்தே இருக்கும். குஷிங் நோயில் தண்ணீர் குடிப்பதும் சிறுநீர் கழிப்பதும் அதிகரிக்கும், வயிறு தொங்கும், காரணமின்றி இரைக்கும். ஷாம்புவும் சத்து மாத்திரையும் இவற்றுக்குப் பயன்படாது. இரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

உண்ணி தனிப் பிரச்சினை. தமிழ்நாட்டின் வெப்பத்தில் பழுப்பு நாய் உண்ணி வருடம் முழுக்கப் பெருகும். வயிறு நிறைய இரத்தம் குடித்த ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அதுவும் நாயின் மேல் இடாமல் சுவர் விரிசலிலும் கட்டில் இடுக்கிலும் இடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டு வீட்டை விட்டுவிட்டால் திரும்ப வரும். உண்ணி பரப்பும் எர்லிக்கியா போன்ற நோய்கள் உயிருக்கே ஆபத்தானவை. மாத்திரை, கழுத்தில் விடும் சொட்டு மருந்து, காலர் ஆகியவற்றில் எது பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். வலிப்பு வந்த நாய்க்குச் சில மாத்திரைகள் ஒத்துவராது. நாய்க்கான பெர்மெத்ரின் மருந்து வீட்டில் இருக்கும் பூனைக்கு நஞ்சு.

சொறிக்கும் உண்ணிக்கும் மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில், பினாயில் ஆகியவற்றைத் தடவும் பழக்கம் இன்னும் போகவில்லை. தோல் வெந்துபோவதோடு, நாய் அதை நக்கி உள்ளே எடுத்துக்கொண்டு ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனை அரசு கால்நடை மருத்துவமனைகளிலேயே நடக்கிறது. சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறப்பு மருத்துவர்களையும் பார்க்கலாம்.

வீட்டுக்குள் விழுந்த முடி

எவ்வளவு வாரினாலும் கொஞ்சம் விழத்தான் செய்யும். துடைப்பத்தால் பெருக்கினால் அடிமுடி பறந்து வேறோர் இடத்தில் போய் உட்காரும். வாக்குவம் கிளீனர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் லேசாக ஈரமாக்கிய மாப்பால் துடைத்து எடுக்கலாம். சோபாவில் ஒட்டியதை, பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையை நனைத்து ஒரே திசையில் இழுத்தால் திரண்டு வந்துவிடும். நாய் படுக்கும் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைக்க வேண்டும். முடி ஒட்டிய துணியை வாஷிங் மெஷினில் போடுவதற்கு முன் வெளியே உதறுவது அவசியம். நனைந்த முடி மற்ற துணிகளில் அப்பிக்கொள்ளும், மெஷினின் வடிகட்டியையும் அடைக்கும். குளியலறைச் சாக்கடையில் ஒரு வலையும், ஏசி வடிகட்டியை அடிக்கடி கழுவுவதும் செலவை மிச்சப்படுத்தும்.

வாங்குவதற்கு முன்

முடி கொட்டுவதை நாய் வாங்கிய பிறகு கண்டுபிடிப்பவர்களே அதிகம். அழகுக்காக ஹஸ்கியை வாங்கி, ஆறு மாதத்தில் வீடு முழுக்க முடி என்று தெருவிலோ பீச்சிலோ விட்டுவிட்டுப் போவது நடக்கிறது. வளர்த்த விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வாரத்தில் மூன்று நாள் பத்துப் பத்து நிமிடம் ஒதுக்க முடியாத வீட்டுக்கு இரட்டை அடுக்கு முடியுள்ள நாய் பொருந்தாது. அந்த வீட்டுக்கு ஏற்றவை சிப்பிப்பாறையும் கன்னியும் நாட்டு நாயும்தான். இந்த மண்ணின் வெயிலுக்கென்றே வந்தவை என்பதால் ஸ்லிக்கர் பிரஷ், பிளோயர், ஏசி எதுவும் கேட்காது. ஓடுவதற்கு இடமும் கூட நடக்க ஆளும் இருந்தால் போதும். ஏற்கெனவே வீட்டில் ஒரு ஸ்பிட்ஸோ லேப்ரடாரோ இருந்தால், மொட்டை அடிக்கும் இயந்திரத்தைத் தேடாமல் இன்றே ஒரு ஸ்லிக்கர் பிரஷ் வாங்குவது உத்தமம்.